வெள்ளைக் கரடியும் ‘எங்க போற’வும்

போன செவ்வாய்க்கிழமை. திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். என்னோடு சேர்த்து ஏழு பேர். எதிர் சீட்டில், காலி மீன் கூடையை மடியில் வைத்தபடி ஒரு அக்கா. எர்ணாவூர்க்காரர்தான். முகம் தெரியும், பேர் தெரியாது. ஏறியதிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தவர், சிக்னலில் ஆட்டோ நின்றதும் கேட்டேவிட்டார்.

“நீ அந்த கரடி ஊருக்குப் போய்ட்டு வந்த பொண்ணுதான?”

“ஆமாக்கா.”

“கரடி வெள்ளையா கீதாமே... மெய்யாலுமா?”

“மெய்தான். கிட்டப் பாத்தா லைட்டா மஞ்சளா இருக்கும்.”

“வந்துச்சுன்னா இன்னா பண்ணணும்?”

கேட்டுவிட்டாரே! மூன்று வாரம் தினமும் காதில் விழுந்த பாடம் ஆயிற்றே. மடமடவென்று ஒப்பித்தேன். ஓடக் கூடாது. எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டும். சத்தம் போட வேண்டும். முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். சாப்பாட்டைப் படுக்கிற இடத்தில் வைக்கக் கூடாது. தனியாக எங்கேயும் போகக் கூடாது.

அக்கா கூடையை மடியில் சரிசெய்துகொண்டார். “எங்க தெரு நாய்ங்களுக்கும் இதாண்டி. இதுக்கா உன்ன ஏரோப்ளேன்ல இட்டுகினு போனாங்க?”

மொத்த ஆட்டோவும் சிரித்தது. நானும்தான்.

“பயந்தியா?” என்றார்.

“பயந்தேன்க்கா. ஆனா கரடியப் பாத்து இல்ல.”

அதற்குள் என் ஸ்டாப்பிங் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். பாதியில் நின்ற அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். காலேஜ் முடித்தவளும் நான்தான். மாசத்துக்கு ஒரு தடவையாவது இதை இந்தப் பக்கத்தில் எழுதிவிடுவேன் — பழைய வாசகர்கள் பழகிவிட்டார்கள், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்! வேலை, ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில். எண்ணூர் கழிமுகத்தில் கயாக்கில் போய்த் தண்ணீர் சாம்பிள் எடுப்பது. கயாக் என்றால் ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லியான படகு. சாம்பல் நிறச் சேற்றிலும், கரண்ட் கம்பத்துக்கு அடியிலும் நான்கு வருஷம் துடுப்புப் போட்ட கைகள் இவை.

அந்தக் கைகளுக்குத்தான் ஆர்க்டிக்கிலிருந்து அழைப்பு வந்தது. வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகள். மூன்று வாரம் கயாக்கில் சுற்றி, கடல் தண்ணீரில் பிளாஸ்டிக் துணுக்கு எவ்வளவு இருக்கிறது என்று சாம்பிள் எடுக்க வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி ஜரீனா.

ஜரீனா தண்டையார்பேட்டை. அவளும் அவள் வீட்டில் முதல் டிகிரி. நான்கு வருஷமாக ஒரே கழிமுகம், ஒரே டிபன் பாக்ஸ், ஒரே வசவு. ஆனால் எங்களுக்குள் ஒரு கேள்வி மட்டும் கிடையாது. ‘எங்க போற?’

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில், வெளியே கிளம்புகிறவரை ‘எங்க போற’ என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். என் அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. கப்பல் மேல் அடுக்கிய கன்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அவர் செருப்பை மாட்டும் நேரத்தில் அம்மா வாயே திறக்க மாட்டார். நடந்து போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. சாப்பாட்டை மறந்துவிட்டாரா? ஓட்டமாக ஓடி, அவரைத் தாண்டி, முன்னால் போய் நின்றுதான் கொடுக்க வேண்டும். சின்ன வயதில் அந்த ஓட்டம் என் டியூட்டி.

ஆனால் இந்த மரியாதையெல்லாம் ஆம்பளைகளுக்குத்தான்! பொண்ணு கிளம்பினால் அப்படியே தலைகீழ். எங்க போற, யார் கூட போற, எப்ப வருவ... எங்கள் பிளாக்கில் மாடிப்படி இறங்குவதற்குள் நான்கு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது சகுனம் எங்கே போகும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள். பெரியப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். “எங்க போற?”

அம்மா குறுக்கே விழுந்தார். “வேலைக்குக் கிளம்புற புள்ளய எங்கன்னு கேக்காதீங்க மாமா!”

அந்த ஒரு வரி... நம்புங்கள், பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை. கேட்கக் கூடாத ஆட்களின் லிஸ்டில் நானும் சேர்ந்துவிட்டேன்! ஜரீனா வீட்டிலும் இதே கதைதான், அங்கே கேட்கிற ஆள் அவள் அண்ணன். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி அந்தக் கேள்வி கேட்டதே இல்லை. அது எங்கள் தோஸ்திக்கு நாங்கள் கொடுத்த மரியாதை.

இப்போது ஸ்வால்பார்ட்.

மொத்தம் ஐந்து பேர். தலைவி இங்ரிட், நார்வேக்காரர். எங்களோடு இன்னும் இரண்டு மாணவர்கள். நல்ல பையன்கள், இந்தக் கதையில் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. இங்ரிட் தினமும் காலையில் கரடிப் பாடம் நடத்துவார். டென்ட் போடும் இடத்திலிருந்து நாலாபக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சமையல் தள்ளி. டென்ட்டுகளைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி — கரடி கால் பட்டால் டமார் என்று வெடிக்கும். கடலில் இருக்கும்போது கரையில் கரடி தெரிந்தால் இறங்கவே கூடாது, அப்படியே துடுப்புப் போட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கரடிக்கு நீச்சலும் நன்றாக வரும், அதனால் தண்ணீரிலும் ஒரு கண். எல்லோரும் தூங்கினால் ஒருவர் காவல். காவலில் இருப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது.

கடைசியாக ஒன்று. கம்பியைத் தாண்டி யார் போனாலும், காவலில் இருப்பவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்கே போகிறாய், யாருடன் போகிறாய், எப்போது வருவாய்.

ஜரீனா என் விலாவில் இடித்தாள். “எங்க அண்ணன் நார்வேல வந்து பொறந்துகீறான்டி!”

சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமினேன். இங்ரிட் எனக்கு வெந்நீர் கொடுத்தார்.

ஒன்பதாவது நாள். காற்று கிளம்புவதற்கு முன் ஒரு நீளமான விரிகுடாவைத் தாண்ட வேண்டும் என்று விடியும் முன்பே துடுப்புப் போட ஆரம்பித்தோம். விடியும் முன் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான் — அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. மதியம் ஒரு கூழாங்கல் கரையில் டென்ட் போட்டோம். எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டார்கள். என் காவல்.

ஜரீனா டென்ட்டிலிருந்து வெளியே வந்தாள். கையில் பிளாஸ்டிக் மக். புரிந்துவிட்டது. அஸர் தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவப் போகிறாள். சூரியன் மறையாத ஊரில் ஐந்து வேளையை எப்படிக் கணக்குப் பண்ணுவது? அவள் தன் வாட்சை மாற்றவே இல்லை. அதில் தண்டையார்பேட்டை டைம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பியை ஜாக்கிரதையாகத் தாண்டினாள். என் வாய் “எங்...” என்று ஆரம்பித்தது. மூடிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள்.

“வரேன்” என்றாள். நம் ஊரில் போகிறவர்கள் சொல்கிற அதே வார்த்தை.

நான் தலையாட்டிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒரு பெண் கை கால் கழுவப் போகும்போது உற்றுப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பது?

அப்புறம்தான் பார்த்தேன். ஆளுக்கொன்று என்று இங்ரிட் கொடுத்திருந்த விசிலில் அவளுடையது பக்கத்துக் கல் மேலேயே கிடந்தது. கூழாங்கல்லில் அவள் பூட்ஸ் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். ஆனால் பின்னாலிருந்து எப்படிக் கூப்பிடுவது? முன்னால் ஓடிப்போய்க் கொடுக்கலாம் — காவல் இடத்தை விட்டு நகரக் கூடாதே. சரி, இதோ வந்துவிடுவாள் என்று விசிலை என் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பூட்ஸ் சத்தம் நின்றது.

ஐந்து நிமிஷம் இருக்கும். தண்ணீரில் வெள்ளையாக ஒன்று மிதந்து வந்தது. எண்ணூர்க் கண்ணுக்கு வெள்ளையாக மிதப்பதெல்லாம் தெர்மாகோல்தான். மீன் பெட்டி உடைந்தால் இப்படித்தான் மிதக்கும். ‘அட, இங்கேயும் வந்துடுச்சா’ என்று நோட்டுப் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டேன். ‘பெரிய துண்டு, வெள்ளை’ என்று எழுதினேன்.

துண்டு கரையேறியது. நான்கு காலில் நின்றது. உடம்பை உதறிக்கொண்டது.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். இங்ரிட் ஒரே நொடியில் வெளியே வந்துவிட்டார். தோளில் துப்பாக்கி, கையில் வெடிச் சத்தம் போடுகிற சின்னத் துப்பாக்கி. பின்னாலேயே இரண்டு பையன்களும். எல்லோரும் சேர்ந்து நின்றோம். இங்ரிட் தலையை எண்ணினார். நாலு.

“ஜரீனா எங்கே?”

“முகம் கழுவப் போயிருக்கிறாள்.”

“எந்தப் பக்கம்?”

அங்கே பனி உருகி ஓடும் தண்ணீர் இரண்டு இடத்தில் இருந்தது. இடது பக்கம் மேட்டுக்குப் பின்னால் ஒன்று. வலது பக்கம் பாறைகளுக்குப் பின்னால் ஒன்று. வந்து இறங்கியதும் இரண்டிலும் நாங்கள் பாட்டில் நிரப்பியிருந்தோம்.

“தெரியாது” என்றேன்.

“நீ கேட்கவில்லையா?”

கேட்கவில்லை. பார்க்கவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்... மரியாதையாக.

கரடி எங்களுக்கு இடது பக்கமாக, மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது. இங்ரிட் சின்னத் துப்பாக்கியைத் தூக்கினார். ஆனால் சுடவில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்தது. அதுவும் பாடத்தில் வந்ததுதான். வெடி எங்கே விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கரடி ஓடும். எங்களுக்கும் கரடிக்கும் நடுவில் வெடித்தால் அது இடப்பக்க மேட்டைப் பார்த்து ஓடும். மேட்டுக்குப் பின்னால் ஜரீனா இருந்தால்?

நான் திரும்பத் திரும்ப விசில் ஊதினேன். பதில் வரவில்லை. எப்படி வரும்? பதிலுக்கு ஊத வேண்டிய விசில் என் கையில் அல்லவா இருந்தது!

ஷேர் ஆட்டோ அக்காவுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். கரடியைப் பார்த்து நான் பயப்படவில்லை. இங்ரிட் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குத்தான் பயந்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் போய் நின்று, உங்கள் பெண் எந்தப் பக்கம் போனாள் என்று நான் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தேன்.

வயிற்றிலிருந்து கத்தினேன்.

“ஏய் ஜரீனா! எங்கடி கீற!”

ஓடைச் சத்தம். காற்று. அவள் காதை மூடிய கம்பளித் தொப்பி வேறு நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை, தொண்டை கிழிகிற மாதிரி.

“ஜரீனா! எங்கடி கீற!”

“இன்னாடீ! இங்கதான் கீறேன்... மூஞ்சி கழுவிகினு கீறேன்ல!”

இடது பக்கம். மேட்டுக்குப் பின்னால். எங்களைவிடக் கரடிக்குப் பக்கத்தில்.

“இடது” என்று இங்ரிட்டின் தோளைத் தொட்டேன். அவர் நான்கு எட்டு இடது பக்கமாக நகர்ந்து, கரடிக்கும் மேட்டுக்கும் நடுவில் விழுகிற மாதிரி சுட்டார். டமார்! கரடி துள்ளித் திரும்பியது. எங்களை ஒரு தடவை பார்த்தது. அவசரமே இல்லாமல், சந்தையில் மீன் விலை படியாமல் திரும்புகிறவர் மாதிரி, தண்ணீரில் இறங்கி நீந்திப் போனது.

ஆனாலும் ஜரீனா கம்பிக்குள் வந்து சேர வேண்டுமே. மேட்டுக்கு மேலே அவள் தலை தெரிந்தது. தொப்பிக்கு மேல் துப்பட்டா. கடலைப் பார்த்துவிட்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“ஓடாத! மெதுவா நடந்து வா!” என்று கத்தினேன்.

“கால் வர்லடி...”

“வரும். என்னியப் பாரு. தண்ணியப் பாக்காத. என்னியப் பாத்துகினே நட.”

“அது திரும்புதாடி?”

“இல்ல. அது பேஜாராயிப் போயிகினு கீது. நீ நட. ஆங்... அப்டித்தான். மேடைல மாலை வாங்கப் போற கல்யாணப் பொண்ணு மாதிரி நட.”

“இந்த மூஞ்சிக்கு மாலை ஒண்ணுதான் கேடு” என்றாள். ஆனால் நடந்தாள்.

கம்பியைத் தாண்டி வந்ததும் என் மேல் சாய்ந்தாள். கையில் மக் இன்னும் இருந்தது. அதில் பாதித் தண்ணீர், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல். இரண்டு பேரும் அந்தக் கூழாங்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டோம். யார் அழுதது என்று இதுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை.

இங்ரிட் குரலை உயர்த்தவில்லை. என்னைத் தனியாக அழைத்து, ஏன் கேட்கவில்லை என்றார். சொன்னேன். சகுனம், மரியாதை, அப்பா, பெரியப்பா, எல்லாம். இங்கிலீஷில் சொல்லும்போது எனக்கே அது வேறு யாருடைய கதையோ மாதிரி இருந்தது. அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, “இரண்டு நாளைக்கு உனக்குக் காவல் இல்லை” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அது பிரம்படி. பள்ளியில் ஒரு நாள்கூட பெஞ்ச் மேல் ஏறி நிற்காதவள் நான்!

ஜரீனா அவரிடம் போய் நின்றாள். “அவள் மேல் மட்டும் தப்பில்லை. சொல்லாமல் போனவள் நான். தனியாகப் போனவளும் நான்தான். எனக்கும் காவல் வேண்டாம்.”

“உனக்கும் இரண்டு நாள்” என்றார் இங்ரிட். தயங்கவே இல்லை.

அன்றைக்கு டென்ட்டுக்குள், ஸ்லீப்பிங் பேக்கில் மூக்கு மட்டும் வெளியே தெரிய, நாங்கள் பேசியது இது.

“கேட்டா இன்னாடி? நான் கோச்சிக்குவேனா?”

“உன்னிய கேக்காம உட்டாதான நீ பெரிய மனுஷின்னு அர்த்தம்...”

“பெரிய மனுஷிய கரடி துன்னாதா?”

சிரிப்பு.

“வேற மாதிரி கேக்கலாம்டி. சில ஊர்ல ‘தூரமா’ன்னு கேப்பாங்களாம்” என்றேன்.

“ஐயே... தூரமான்னு கேட்டா நம்ம ஊர்ல அந்த மூணு நாளுன்னு அர்த்தம். அத வேற நாலு பேரு முன்னாடி கேப்பியா?”

இந்தத் தடவை சிரித்த சிரிப்பில் பக்கத்து டென்ட்டிலிருந்து ஒரு பையன் என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தான். மொழிபெயர்க்க முடியாது என்று சொல்லிவிட்டோம்.

பிறகு ஜரீனாதான் சொன்னாள், மெதுவாக. “அண்ணன் கேக்கறப்ப எனக்குக் கோவம் கோவமா வரும்டி. போகவிடாம பண்றதுக்குத்தான் கேப்பான். நீ இன்னிக்கு மலையே இடிஞ்சு உழுற மாதிரி கேட்டியே... அதுவும் அதே வார்த்தைதான். ஆனா...”

அந்த ‘ஆனா’வோடு அவள் புரண்டு படுத்துக்கொண்டாள். நான் யோசித்துக்கொண்டே கிடந்தேன். ஒரே கேள்வி. கதவைச் சாத்துவதற்குக் கேட்பவர்கள் உண்டு. வரவில்லை என்றால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு. முதல் ரகத்தை இவ்வளவு வருஷம் பார்த்ததில், இரண்டாவது ரகம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உங்களுக்கு?

இரண்டு நாள் கழித்துக் காவல் திரும்பக் கிடைத்தது. முதலில் ஜரீனாவுக்கு. நான் சாம்பிள் எடுக்கக் கிளம்பினேன், இங்ரிட்டோடு. கம்பிக்கு முன்னால் நின்றேன். ஜரீனா காவலுக்கு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. பாவம், அவளுக்கும் வரவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம், இரண்டு நாளில் போய்விடுமா?

நானே சொன்னேன். “அந்தாண்ட. கறுப்பு கல்லு கீதுல்ல, அதாண்ட. இங்ரிட் கூட. பத்து நிமிஷம்.”

“விசிலு?”

“கீது.”

“பதினொண்ணாவது நிமிஷம் கத்துவேன். ஊரே அசிங்கமாப் பேசும்.”

“எந்த ஊரு? இங்க நம்ம அஞ்சு பேருதான்.”

“அந்த அஞ்சு பேரும் பேசும்!”

நடந்தேன். கூழாங்கல் சத்தம். பத்து அடி போயிருப்பேன்.

“சரண்யா!”

பின்னாலிருந்து கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் யாரையும் கூப்பிடாத மாதிரி, முழு நீளத்துக்கு.

நின்றேன். திரும்பினேன். “இன்னாடி?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்ட்டேன். போ.”

போன காரியம் கெடவில்லை. பத்து பாட்டில் சாம்பிளும் சுத்தமாகக் கிடைத்தது.